குமிழியும் கோணிச்சாக்கும்

அன்று ஆறாம் வகுப்புக்கு ஓவியப் பாடம். கரும்பலகையில் வழக்கம்போல இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஓடை வரைந்துகொண்டிருந்தேன். பலகையின் இடது கீழ் மூலையிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. "யாராச்சும் அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றேன்.

"சாத்தித்தானுங்க டீச்சர் இருக்குது" என்றார்கள் பிள்ளைகள்.

திரும்பிப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது. பனியும் என்னோடு சேர்ந்து திரும்பியது.

அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே வலது கண்ணின் ஓரத்தில் குட்டிக் குட்டி மின்னல்கள். கரித்தூள் பறப்பதுபோல ஏதோ மிதக்கும். வயதாகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டேன். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி மின்னலும் கரித்தூளும் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

என் இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. வெளிச்சம், நிறம், பெரிய உருவம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வரைந்தது, வாசித்தது, சாதத்தில் கல் பொறுக்கியது எல்லாம் வலது கண். அது போனால் நான் போன மாதிரிதான்.

என் கணவர் சண்முகம் தேயிலைத் தொழிற்சாலையில் ஜீப் ஓட்டுகிறார். எங்கள் ஊர் அரவேணுவிலிருந்து மலையிறங்கி, மேட்டுப்பாளையத்தில் என் தங்கை மல்லிகா வீட்டில் இரவு தங்கி, காலையில் கோவை மருத்துவமனைக்குப் போனோம். எங்கிருந்து வருகிறோம் என்று மருத்துவர் கேட்டார். "மேட்டுப்பாளையத்துல இருந்துங்க" என்றார் இவர். அது பொய்யில்லை.

விழித்திரை (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை வாங்கும் மெல்லிய சவ்வு) கிழிந்து, ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம்போல உரிந்து வந்துவிட்டதாம். விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டுச் சவ்வை மறுபடி ஒட்டவைக்கும் அறுவை) செய்தார்கள். கூழ் இருந்த இடத்தில் ஒரு வாயுவை நிரப்பினார்கள்.

"அந்தக் குமிழிதான் விழித்திரையைச் சுவரோட அழுத்திப் பிடிக்கணும். அதனால நீங்க குப்புறவே இருக்கணும்" என்றார் மருத்துவர். "வாயு கரையற வரைக்கும் விமானத்துல மட்டும் போயிடாதீங்க."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அப்படித்தான் மல்லிகா வீட்டில் என் தரைவாசம் தொடங்கியது. கட்டில் விளிம்பில் சுருட்டிய துண்டு, அதன்மேல் நெற்றி, கீழே தரை. சாப்பாடும் அப்படியே, தூக்கமும் அப்படியே. பிடரி கல்லாகிவிடும். கண்ணீரும் எச்சிலும் தரையில் சொட்டும். மல்லிகாவின் கணவருக்கு உருளைக்கிழங்கு மண்டியில் வேலை. அங்கிருந்து வந்த ஒரு கோணிச்சாக்கை மல்லிகா எனக்குக் கீழே விரித்துப் போட்டாள்.

கட்டுக்குள் வலது கண் எதையும் பார்க்கவில்லை. ஆனால் சும்மாவும் இல்லை. குமிழி மினுங்கும், அதற்குள் ஊர் மிதக்கும். தேயிலைச் செடிகள் வானத்திலிருந்து கீழ்நோக்கி முளைத்திருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலைகீழாகத் தொங்கியபடி மேகத்தைக் கிள்ளிக் கூடையில் போடுவார்கள். ஒருத்தி தன் கண்ணைக் கதவுபோலத் திறந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே போய்விட்டாள். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. பகலும் தெரியாது, கிழமையும் தெரியாது. மல்லிகா வந்து தட்டை வைத்தால் ஒரு வேளை ஆயிற்று என்று அர்த்தம்.

ஒருநாள் கையைத் தொங்கவிட்டுக் கரித்துண்டால் சாக்கில் கோடு இழுத்தேன். கோணியில் கோடு நேராகப் போகாது. இழைக்கு இழை தடுக்கி அதன் இஷ்டத்துக்குப் போகும். இருபது வருடம் மாணவர்களை ஸ்கேல் வைத்து அதட்டியவளுக்கு அது பிடித்துப்போனது ஆச்சரியம்தான். மல்லிகா சுண்ணாம்பும் செங்காவியும் துணிக்குப் போடும் நீலமும் கரைத்துக் கிண்ணத்தில் வைத்தாள். இடது கண்ணுக்கு நிறம் தெரிந்தது. மிச்சத்தை விரல் பார்த்துக்கொண்டது.

மல்லிகா குனிந்து, தலைகீழாகத் தொங்கும் பெண்களைப் பார்த்தாள். "நல்ல கண்ணு இருந்தப்பெல்லாம் டூரிஸ்டுக்குப் பூந்தொட்டி வரைஞ்சே. கண்ணு கெட்ட பொறகு சூரிய நமஸ்காரமாக்கா?" என்றாள். ஆனால் மறுநாள் மண்டியிலிருந்து ஒரு கட்டுச் சாக்கு வந்து இறங்கியது.

கண் கட்டைப் பிரித்த பிறகு, உட்காரலாம் என்று அனுமதி கிடைத்தது. குமிழி கொஞ்சம் கரைந்திருந்தது. பார்வையின் மேல்பகுதியில் ஒரு கீற்று தெளிந்தது. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ததும்பும் இருட்டு. பாதித் தண்ணீர் நிரம்பிய குடத்துக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருக்கும். கோடு கீழே இறங்க இறங்கப் பார்வை திரும்பும் என்றார் மருத்துவர். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேட்டுப்பாளையத்தில் அனல் கொளுத்தியது. மலையில் வளர்ந்த உடம்பு, வேர்க்குருவில் வெந்தது. பார்க்க வந்த என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "இந்த வேக்காட்டுல புண்ணு எப்படி ஆறும்? நம்மூட்டுக்குப் போலாம் அம்மணி. மேல போனா கண்ணுக்குக் குளிர்ச்சி." எனக்கும் அதுவே சரியென்று பட்டது. குளிர்ச்சி கண்ணுக்கு நல்லது என்பதைவிடப் பெரிய வைத்தியம் எங்களுக்குத் தெரியாது. குலுங்காமல் இருக்க முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஜீப்பில் ஏற்றினார்.

வளைவுகள் தொடங்கியதும் காற்று மாறியது. நிம்மதியாக இருந்தது. குஞ்சப்பனை ஊரை நெருங்கும்போது கண்ணுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். வாந்தி எடுத்தேன். அந்த ரோட்டில் வாந்தி எடுக்காதவர் யார்? இவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் காட்டிவிட்டு ஓட்டினார். நான் கோட்டைப் பார்த்தேன். இத்தனை நாளாகக் கீழே இறங்கிய கோடு, மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. தெளிந்த கீற்று நூலாகி, நூலும் அறுந்தது.

"ஏனுங்க, அந்தக் கண்ணுல வெளிச்சம் போச்சுங்க."

"கண்ண மூடிக்கம்மணி, வந்துட்டோம்."

"மூடலீங்க. தெறந்துதான் இருக்குது."

அவர் திரும்பி என் கண்ணைப் பார்த்தார். ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினார். மல்லிகா வீட்டிலும் நிற்காமல் நேராகக் கோவைக்கு ஓட்டினார். இறங்க இறங்க வலி தளர்ந்தது. அடிவாரம் வந்தபோது சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. அதற்கே நான் அழுதேன்.

மருத்துவர் ஊசி போட்டுக் கொஞ்சம் வாயுவை வெளியே எடுத்தார். "நீங்க மலைக்காரங்கன்னு தெரியாமப் போச்சே" என்றார், தன்னையே நொந்துகொள்வதுபோல. "மேல போகப் போகக் காத்தோட அழுத்தம் குறையும், கண்ணுக்குள்ள வாயு உப்பும். ஜீப்புல ஏறினாலும் விமானத்துல ஏறினாலும் கண்ணுக்கு ஒண்ணுதான். இவர் திருப்பலைன்னா இந்தக் கண்ணு இல்லை."

மலைவாசிகளே, கண்ணில் வாயு வைத்தால் முதலில் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். கரைந்துவிட்டது என்று மருத்துவர் வாயால் கேட்கும்வரை கீழேயே இருங்கள். வேர்க்குரு ஆளைக் கொல்லாது.

எனக்கு அது கரையும்வரை மல்லிகா வீட்டில் சாக்கு சாக்காக வரைந்தேன். கடைசியில் குமிழி பார்வையின் அடியில் ஒரு கடுகாக உருண்டது. ஒரு காலையில் அதையும் காணவில்லை. பார்வை வந்துவிட்டது, முழுதாக அல்ல. ஓரத்தில் ஒரு துண்டு போனது போனதுதான். நேர்க்கோடுகள் நெளிகின்றன. கதவு நிலை வளைகிறது, தொழிற்சாலைப் புகைபோக்கி இடுப்பை ஒடித்து நிற்கிறது. சவ்வு சுருங்கி ஒட்டினால் அப்படித்தானாம்.

வீடு திரும்பிய பிறகு இவர் தினமும் எதிரே உட்கார்ந்து, "நான் எப்படித் தெரியறேன்?" என்று கேட்பார். "நல்லாத் தெரியறீங்க" என்பேன். அந்த மலைப்பயணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். என்னை ஜீப்பில் ஏற்றுவதையும் விட்டுவிட்டார். பள்ளிக்குக்கூட மினிபஸ்ஸில்தான் அனுப்பினார்.

மழைக்காலத்தில் சாயம் காய நாளாகும். முன்பென்றால் எரிச்சல் வரும். இப்போது காத்திருப்பது உடம்புக்குப் பழகிவிட்டது. ஈரச் சாக்கின் முன்னால் உட்கார்ந்தால் காலையும் மாலையும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. அப்படி ஒரு சாக்கில் அவரை, வலது கண்ணுக்குத் தெரிவதுபோலவே வரைந்தேன். ஒரு கன்னம் தோளில் வழிந்தது. நெற்றியில் வளைவு வளைவாகச் சாலை. கைகள் ஸ்டியரிங்கில் வேர்விட்டிருந்தன.

அவர் வெகுநேரம் பார்த்தார். "இப்படித்தான் தெரியறனா?"

"ஆமாங்க."

"உன்னைய மேல ஓட்டிட்டுப் போனவன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

"அவரு இல்லீங்க இது. வண்டியத் திருப்புனவரு."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, "மூக்கையாச்சும் கொஞ்சம் நேராக்கு அம்மணி" என்றார்.

"எது நேருன்னு எனக்கு இப்பத் தெரியறதில்லீங்க."

அவர் சாயம் அப்பிய என் விரலைப் பிடித்துத் தன் புருவ நடுவில் வைத்தார். மெல்ல மூக்கு நுனிவரை இழுத்தார்.

"இதுதான் நேரு" என்றார்.