பல்லியைத் தின்ற பிள்ளைகள்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கறம்பக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். சந்தைக்குக் கைமுறுக்கு சுற்றும் ஒரு அம்மா, தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே எழுத்துப் படிப்பித்தார். என்ன சொல்லியும் கேட்கவில்லை.

ஒடிசலான உடம்பு, முழங்கை வரைக்கும் மாவு. யார் பேசினாலும் நிமிராமல் மாவைத் திரித்துக்கொண்டேதான் பதில் சொல்வார். பிள்ளைகளும் அந்த மாவிலேயே எழுத்துகளை வளைத்து வைப்பார்கள். அவர் பொரித்துக் கொடுப்பார், அவர்கள் தின்பார்கள். அதுதான் பாடம்.

ஒருநாள் அவர் வீட்டுக்கே போய், "எங்கே, பள்ளின்னு எழுதுங்க" என்றேன். மூத்தவள் சிரித்துக்கொண்டே 'பல்லி' என்று வைத்தாள். நான் வாய் திறப்பதற்குள் அது எண்ணெயில் பொரிந்து, இரண்டு பேரும் பங்குபோட்டுத் தின்றும் விட்டார்கள்.

"ஏம்மா, அது செவுத்துல ஓடுற பல்லி! தப்பைத் திருத்த வேணாமா?"

"அதான் தின்னுட்டாளுகளே சார். இனிமே எங்கிட்டுத் திருத்துறது?"

எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. நான் ஒழுங்கா எழுத வைக்கிறேன்."

அப்போதுதான் அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அங்க எழுதுனா, மத்தியானம் என்ன திங்கக் கொடுப்பீங்க?"

எங்கள் பள்ளியில் அப்போது மதியச் சோறு கிடையாது. சைக்கிளை எடுத்தேன். எனக்கு மாற்றல் வரும்வரை அந்தப் பிள்ளைகள் வரவே இல்லை. அன்றைய எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அது யார் மேல் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.