யோகம் அக்காவின் போசம் பொறிகள்

சனிக்கிழமை காலை சிந்து போன் செய்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சிந்து யோகம் அக்காவின் ஒரே மகள். இங்கே பிறந்தவள், என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று தமிழில் சொன்னாள்: "அன்ரி, அம்மா நித்திரையிலேயே போயிட்டா." அடுப்பை அணைத்தேன். பிறகு அவள் கேட்டாள்: "அம்மா நேற்று காட்டிலை ட்ராப்ஸ் வைச்சவா. அதை ஆர் பாக்கிறது?"

உங்களில் பலருக்கு யோகராணியைக் கோயில் மடப்பள்ளியில் தெரியும். சிலருக்கு நாங்கள் இருவரும் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தெரியும். ஹுனுவா மலையடிப் பண்ணையில் அவர் வைத்த பொறிகள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும் எனக்குத்தான் தெரியும். காலைக் கவ்வும் பொறியைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். சிக்கிய பிராணி உயிரோடு காத்திருக்கும் அல்லவா? பண்ணைக்காரர் டக் அந்த வாரம் தென் தீவில் இருந்தார். நானோ அதுவரை துணைக்குப் போனவள், எதையும் கொன்றதில்லை. போனை வைத்ததும் முதலில் அக்காவுக்காக அழவில்லை, அந்தப் பொறிகளை நினைத்துப் பயந்தேன்.

பிறந்ததிலிருந்து மரக்கறி தவிர வேறு எதுவும் உண்ணாத யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்மணி போசம் பிடிக்கப் போன கதை ஒரு கையுறையில் தொடங்கியது. குளிர் காலத்தில் அக்காவின் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். வேலையிடத்தில் யாரோ கிறிஸ்மஸுக்கு ஒரு சோடி கையுறை கொடுத்தார்கள். அதைப் போட்டதும் விரலுக்கு உயிர் வந்தது. எதில் செய்தது என்று சீட்டைப் படித்துப் பார்த்தார்: மெரினோ கம்பளியும் போசம் உரோமமும். போசம் என்றால் பூனை அளவில் மரத்தில் வாழும் பிராணி. உரோமத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று இங்குள்ள காட்டையும் பறவை முட்டைகளையும் தின்று தீர்க்கிறது. அக்கா கையுறையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வெளுத்த விரல்களோடு வேலை செய்தார். "இப்ப என்னக்கா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். "போடுறதெண்டா உரோமத்தை எடுக்கவும் தெரியவேணும். இல்லாட்டிக் கழட்டவேணும்" என்றார். ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கோபமில்லை. விசாரித்து விசாரித்து டக்கைக் கண்டுபிடித்து, அவர் பண்ணையை ஒட்டிய காட்டில் பொறி வைக்க அனுமதி வாங்கினார். பட்டையில் நகம் கீறிய தடம், புல்லில் தேய்ந்த ஒற்றையடி வழி, எச்சம், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மரங்களைத் தேர்ந்தார். பொறியைத் திறந்து வைக்கச் சமையல் மேசையில் பழகியபோது, அதன் வாயில் விட்டுப் பார்த்த சிந்துவின் பென்சில்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. உரோமம் அடர்வது குளிரில்தான் என்பதால் இலையுதிர் காலத்திலேயே ஆயத்தம் செய்ய வேண்டும். மனித வாடை போகப் பொறிகளைப் பெரிய அண்டாவில் அவித்து, வெறுங்கை படாமல் கொல்லைக் கொடியில் தொங்கவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தவர், சித்திரையில், இங்கே இலையுதிர் காலத்தில், வருசப்பிறப்பு வந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு காரியம் செய்தார். புதுத் தொழிலாயிற்றே என்று பொறிகளை வாழையிலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு அவற்றைக் கொண்டுபோய் மரமரமாக வைத்தோம். போசத்தை இழுக்க மாவும் சீனியும் கறுவாத்தூளும் கலந்து பட்டையில் வெள்ளையாகப் பூசினோம். ஒரு போசம்கூட அண்டவில்லை. ஒரு வாரம் கழித்து டக் ஒரு பொறியை மூக்கருகே கொண்டுபோய், "தைல வாடை அடிக்கிறதே, யாருக்காவது சளியா?" என்று கேட்டார். அக்கா அப்படியே காட்டில் உட்கார்ந்து சிரித்தார். "சாமிக்குப் பிடிச்ச வாசம் எல்லாருக்கும் பிடிக்கவேணுமெண்டு இல்லைத்தானே" என்று சொல்லி எல்லாவற்றையும் மறுபடி அவித்தார்.

முதல் போசம் விழுந்த காலையில் நான் சற்றுத் தள்ளி நின்றேன். அது எங்களைப் பார்த்தபடி இருந்தது. டக் சொல்லிக்கொடுத்தபடி அக்கா அடித்தார், ஒரே அடி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அக்கா திருப்பவில்லை. "பாத்துக்கொண்டுதான் செய்யவேணும். கண்ணை மூடினாக் கை தவறும், பிறகு அதுக்கு இரண்டாம் தரம் நோகும்" என்றார். சூடு ஆறுமுன் உரோமத்தைப் பறிக்க வேண்டும். பறித்து முடித்துவிட்டு, அந்த மரத்தடியிலேயே குழி தோண்டி அதைப் புதைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மடப்பள்ளியில் நாங்கள் எல்லாரும் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா தானாகவே விஷயத்தைச் சொன்னார். எல்லாக் கத்திகளும் நின்றன. மடப்பள்ளிக்குப் பொறுப்பான சரோஜா அம்மா, "போசம் சீசன் முடிய வாங்கோவன் யோகம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். அக்கா, "சீசன் முடிஞ்சாலும் கை இதுதானே அம்மா" என்று சொல்லிவிட்டு, பலகையைக் கழுவி வைத்து வெளியேறினார். ஆனால் கோயிலுக்கு வருவதை விடவில்லை. வெள்ளிதோறும் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். அவர் முகத்தில் வெட்கமோ வன்மமோ தெரிகிறதா என்று கதவோரம் நின்று பார்ப்பேன். ரசம் மட்டும் இரண்டாம் முறை கேட்பார்.

சிந்து போன் செய்த அந்தச் சனிக்கிழமை, மவுண்ட் ஆல்பர்ட்டில் என் வீட்டிலிருந்து செத்த வீட்டுக்குப் போகாமல் நேரே காட்டுக்குப் போனேன். எல்லாம் வெறுமையாக இருக்கட்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு பொறியாகத் தட்டி மூடிக்கொண்டு போனேன். கடைசி மரத்தடியில் ஒன்று இருந்தது, உயிரோடு. விட்டுவிடலாம் என்றால் கால் கிழிந்திருந்தது, அந்தக் காலோடு அது நாள்கணக்கில் சாகும். யாரையாவது அழைக்கலாம் என்றால் யாரும் இல்லை. கண்ணை மூடவில்லை. அக்கா சொன்னது சரி, கை தவறவில்லை. உரோமத்தைப் பறிக்க மட்டும் என்னால் முடியவில்லை. அதை அப்படியே புதைத்துவிட்டு, வீட்டில் குளித்து, பிறகு மனுரேவாவில் அக்கா வீட்டுக்குப் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

அக்கா போன பின் வந்த வெள்ளிக்கிழமை மடப்பள்ளியில் ஏப்ரனைக் கையில் எடுத்தேன், கட்டவில்லை. சரோஜா அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?" என்றார்.

"யோகம் அக்கா சொல்லலைன்னாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா."

ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு நானே வெளியே வந்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான்: செய்வதைக் கண்ணைத் திறந்து செய்வது, செய்ததை நானே வாய்திறந்து சொல்வது. இரண்டில் எது கடினம் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. சொல்வதுதான்.

பந்தியில் உட்கார்ந்தேன். சோறு போடச் சின்னவர்கள்தான் வருவார்கள், அன்று சரோஜா அம்மாவே வாளியோடு வந்தார். என் தட்டுக்கு முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"அவவுக்கு ஒருநாளும் நான் என்ரை கையாலை போடேல்லை" என்றார்.

அந்த வாரம் முழுக்க வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்து, "அக்காவுக்கும் சேர்த்துப் போடுங்கம்மா" என்றேன். போட்டார்.