செவலை தாண்டிய மதில்

சாமிதுரை யாரையும் எளிதில் நம்பமாட்டார். எதிரில் வருபவர் நலம் விசாரித்தால், என்ன காரியத்துக்காக விசாரித்தார் என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை அடுக்குவது அவர் வேலை. அவர் அடுக்கிய வரிசை ஒருநாளும் சரிந்ததில்லை என்பார். மற்றவர்களும் அதை மறுத்ததில்லை.

அவர் சந்தேகப்படாத ஒரே உயிர், பேட்டை வாசலில் குட்டியாகக் கிடந்து அவரோடு வந்துவிட்ட செவலை. மனதில் ஒன்று, முகத்தில் ஒன்று என்று நாய் வைத்துக்கொள்ளாது என்பது அவர் கட்சி. நாயைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. மனிதர்கள் மேல் இருந்த கசப்புதான் அப்படிப் பேச வைத்தது.

அந்தச் செவலைதான் இப்போது வீட்டில் தங்குவதில்லை. அவரும் மனைவி அன்புக்கரசியும் வேலைக்குக் கிளம்பினால் போதும், சற்று நேரத்தில் தெருவில் நிற்கிறது. போன வாரம் ஒரு டீச்சரின் ஸ்கூட்டரைத் துரத்தியதில், அந்த அம்மா விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் தெருவுல நின்னுச்சுன்னா கம்மாபுரத்துல எங்கண்ணன் வூட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றாள் அன்புக்கரசி. "யாருகிட்டயும் பேச்சு வாங்க என்னால முடியாது."

"அதுவா போவலடி. எவனோ தொறந்து வுடறான்."

"பூட்டுன கேட்ட எப்டித் தொறப்பான்?"

"ஏன், கள்ளச்சாவி செய்ய ஊர்ல ஆளில்லியா?"

அவர் மனதில் இருந்தது பக்கத்து வீட்டு விருத்தகிரி. தெருமுனையில் கோழிக்கடை வைத்திருப்பவன். செவலையைப் பார்க்கும்போதெல்லாம் தேவைக்கு மேலேயே சிரிப்பான்.

கேட்டைத் தவிர வேறு வழி இருக்க முடியாது என்பதில் சாமிதுரைக்குச் சந்தேகமில்லை. மழையில் விழுந்த மதிலுக்குப் பதிலாக நெஞ்சளவு மதிலை அவரே எழுப்பியிருந்தார். சூளையில் பொருட்களை வைத்துச் சுடும் கனத்த மண்பெட்டிகளை, விரிசல் விட்டதும் பேட்டையில் கழித்துப் போடுவார்கள். அவற்றைக் கொண்டுவந்து அடுக்கிய மதில் அது. தெருப்பக்கம் பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது. எந்தத் திருடனும் ஏற முடியாது.

அன்று காலை, பொம்மை வார்க்கும் வெள்ளை மண்ணைத் தூளாகக் கொண்டுவந்து கேட்டின் உள்பக்கமும், எதற்கும் இருக்கட்டும் என்று மதிலின் உள்ஓரமும் தூவிவிட்டு வேலைக்குப் போனார். வருகிறவனின் கால் அதில் பதியட்டும்.

செவலை மறுபடி தெருவில் நிற்பதாக, மதியம் வேலையிலிருந்து வந்த அன்புக்கரசி போன் செய்தாள். அவர் சைக்கிளில் வந்து இறங்கியபோது, விருத்தகிரி செவலையைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, பூட்டிய கேட்டுக்கு வெளியே அன்புக்கரசியின் பக்கத்தில் நின்றிருந்தான்.

"புடிங்கண்ணே. கடையாண்ட வந்து நின்னுச்சு."

"வந்துச்சா, வரவச்சியா?"

"என்னாண்ணே பேசறீங்க?"

"எலும்பக் காட்டுனா எந்த நாய்தான் வராது? சாவி எங்க செஞ்ச, அதச் சொல்லு."

"கோழி உரிக்கவே நேரமில்ல. இதுல ஒங்க வூட்டுக்கு சாவி வேற செய்யறனா?"

எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அன்புக்கரசி போனை எடுத்தாள். "போதுங்க. எங்கண்ணனுக்குச் சொல்லிடறேன்."

"இரு. உள்ள போயி பாத்துட்டு வரேன்," என்று பூட்டைத் திறந்தார் சாமிதுரை.

கேட்டருகே தூள் காலையில் தூவியபடியே கிடந்தது. மதில் ஓரம் கலைந்திருந்தது. அங்கே மனிதக் கால்தடம் இல்லை, நாயின் தடம்தான். தரையிலிருந்து முதல் பெட்டியில் வெள்ளைத் தடம். அதற்கு மேல் பெட்டியில், அதற்கும் மேல், உச்சி வரை.

மேல்வரிசையை எட்டுவதற்காக, தாங்கள் நிற்கும் பக்கத்தில் கீழ்ப்பெட்டிகளைச் சற்று முன்னே தள்ளிக் கால் வைக்க இடம் விடுவது சூளை அடுக்குபவர்களின் வழக்கம். மதிலை எழுப்பும்போது அவர் நின்றது உள்பக்கம். கை அதன் போக்கில் படி வைத்திருக்கிறது. வெளியே இருந்து வருகிறவனையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது கண்ணில் படவில்லை.

துண்டால் ஒரு தட்டுத் தட்டினால் தடம் போய்விடும். அதன்பின் விருத்தகிரிதான் குற்றவாளி. ஆனால் குற்றவாளி யாரானாலும் செவலை சாயங்காலம் கம்மாபுரத்தில் இருக்கும். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாசலில் அன்புக்கரசி, "அண்ணே, நான்தான் பேசறேன்," என்பது கேட்டது.

"போன வையி," என்று கத்தினார். "இங்க வா. அவனையும் வரச்சொல்லு."

விருத்தகிரி மதிலைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நாய்க்கு மாடிப்படி கட்டிக் குடுத்துட்டு என்கிட்ட சாவி கேட்டீங்களேண்ணே!"

"மொதல்ல அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க," என்றாள் அன்புக்கரசி.

சாமிதுரை மதிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் பேசுனது தப்புதான்."

"பொழுது போறதுக்குள்ள இந்தப் படி இருக்கக்கூடாது," என்று போனைப் பைக்குள் போட்டாள் அவள். "நாய் இருக்கட்டும்."

செவலையைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு அவர் மேல்வரிசையைப் பிரிக்கத் தொடங்கினார். விருத்தகிரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"கடைய வுட்டுட்டு ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

"சும்மாதாண்ணே. எடுத்துக் குடுங்க, எறக்கி வக்கறேன்."

சும்மா ஒருவன் இந்தக் கனத்தைத் தூக்குவானா? சாமிதுரை அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. முதல் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.