ராஜா குதிரைக்குத் தண்ணீர் கேட்ட படம்

மகளே, தம்பி, நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும்போது இதை வாசியுங்கள். ஒருவர் வாசித்துவிட்டு மற்றவருக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் என்னவெல்லாம் ஆகும் என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து புது வீட்டுக்குச் சாமான் மாற்றினோம். அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் பெட்டியைத் தம்பிதான் இறக்கினான். உள்ளே பார்த்தால் பழைய சீடிகள்.

"இதப் போட்டுப் பாக்க மிசினே இல்லையேப்பா. எதுக்கு இது?" என்று கேட்டான்.

மகள் ஒரு சீடியை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து, திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். நான் "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். ஏன் இருக்கட்டும் என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை. ஏழாம் ஆண்டு வரை படித்தவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் மகள் திருத்திக்கொள்ளட்டும். என்னைத் திருத்துவது அவளுக்குப் பழக்கம்தான்.

தம்பி, உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் சரியாக நினைவிருக்காது. நீ என் மடியில் கிடந்து தூங்கிவிடுவாய். நம் லயத்தில் முதலில் சீடி மிசின் வாங்கியது நாங்கள்தான். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பெண்கள் தரையில் உட்காருவார்கள், ஆண்கள் கதவோரம் நிற்பார்கள். வெளிச்சம் உள்ளே வராமல் இருக்க, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை ஜன்னலில் தொங்கவிடுவோம். படம் முடியும்வரை காம்பரா முழுவதும் பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும்.

தமிழ்ப் படம் டீவியிலேயே வரும். அதற்காக யாரும் வரமாட்டார்கள். அவர்கள் கேட்டது மூன்று வகை. மாயமந்திரப் படம், பேய்ப் படம், ராஜா படம். மூன்றும் இங்கிலீஷில்தான் நன்றாக எடுத்திருப்பார்கள் என்பது எல்லோருடைய முடிவு. பேய்ப் படம் என்றால் உங்கள் அம்மா முதலில் டீவிக்கு விபூதி பூசுவாள், பிறகு உங்கள் நெற்றியில், பிறகு வந்திருக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும். பக்கத்துக் காம்பரா அத்தை ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பூசிக்கொண்டு, பேய் வந்ததும், "இது என்னா பேயி, இம்புட்டு வெள்ளையா இருக்கு. நம்ம பேய்க்கு இது பயப்படும்" என்பார். ராஜா படத்துக்கு விபூதி கிடையாது. ஆனால் ராஜா செத்துப்போனால் கொஞ்ச நேரத்துக்கு யாரும் தேத்தண்ணி கையில் எடுக்கமாட்டார்கள். சாவு வீட்டில் இருக்கிற மாதிரியே இருப்பார்கள்.

கஷ்டம் ஒன்றுதான். பேசுவது ஒருவருக்கும் விளங்காது. தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தோட்டத்தை நடத்துகிற துரையும் ஆபீஸில் இருக்கிற பெரிய கிளாக்கரும் மட்டும். அவர்கள் நம் காம்பராவுக்கு வந்து உட்காரப்போவதில்லை.

சீடி வாடகைக்கு எடுப்பது பண்டாரவளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில். சனிக்கிழமை ஸ்டோரில் வேலை முடிந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உடம்பெல்லாம் தேயிலைத் தூசியோடு போய் நிற்பேன். அட்டையில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாததால் முதல் நாளே, "நானா, இது என்னா கதை?" என்று கேட்டேன். அவர் கடைக்கு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு எனக்குக் கதை சொன்னார். பேனாவைத்தான் வாளாகப் பிடித்தார். பேய் வருகிற இடத்தில் மேசை விளக்கை அணைத்துப் போட்டார். நான் அதை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் படம் ஓடும்போது ஆட்கள் விளங்காமல் நெளிந்தார்கள். நான் சும்மா இருக்க முடியாமல், "அவன் சொந்தத் தம்பிதான். ஆனா அவனுக்கே அது தெரியாது" என்றேன். எல்லோரும் டீவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து டீவிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். படம் பேசப்பேச நான் தமிழில் சொல்ல வேண்டும். நானா சொன்னது பாதி, படத்தைப் பார்த்து நானே கட்டியது பாதி.

மகளுக்கு அப்போது நாலு வயது. "அப்பா, ஒங்களுக்கு எங்க இங்கிலீசு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"பண்டாரவளையில" என்றேன்.

முழுப் பொய் இல்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

அவள் புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணி ஆறாம் ஆண்டுக்கு டவுன் பள்ளிக்கூடம் போனாள். முதல் வாரமே ஓடி வந்து சொன்னாள். வீட்டில் யார் உனக்கு இங்கிலீஷ் பார்த்துக் கொடுப்பார்கள் என்று டீச்சர் கேட்டாராம். இவள் எழும்பி, "எங்கப்பாவுக்கு இங்கிலீசு தெரியும் டீச்சர்" என்றாளாம். வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். சொல்லிவிட்டு இங்கிலீஷ் எழுதுகிற கொப்பியை என் கையில் கொடுத்தாள். நான் கண் வலி என்றேன். இரண்டு வாரம் எனக்குக் கண் வலித்தது.

அதற்குப் பிறகும் அந்த முக்காலியில் உட்காரத்தான் செய்தேன். லயத்து ஆட்கள் கண்டுபிடித்தால் ஒரு வாரம் சிரிப்பார்கள், விட்டுவிடுவார்கள். மகளுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் என் பயம். வகுப்பு முன்னால் எழும்பி நின்று சொன்ன பிள்ளை.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனால் நானா இல்லை. ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் தம்பி இருந்தார். கதை கேட்டேன்.

"கதையா? எனக்குப் பாட்டுப் படந்தான் தெரியும். இது ராஜா படம். வாள் இருக்கு, குதிரை இருக்கு. கொண்டு போங்க" என்றார்.

கொண்டுவந்திருக்கக் கூடாது. ஆனால் ராஜா படம் என்று லயம் முழுக்க ஏற்கெனவே சொல்லியாயிற்று. அதுவும் அந்த ஞாயிறு பார்த்து உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து இறங்கினார். மாமாவை உங்களுக்குத் தெரியும். ஒரு ஆளைக் கிண்டல் பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது.

படம் இரண்டு சீடி. பேனாவால் எழுதிய எண் கைபட்டு அழிந்துபோயிருந்தது. குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டேன். பெயர் எழுத்து ஒன்றும் வராமல் நேராக ஒரு சாவில் தொடங்கியது. வயதான ராஜாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், ராணி பின்னால் நடக்கிறாள். எடுத்த எடுப்பிலேயே சாவா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "நாட்டுக்கு ராஜா இல்ல. இனி யாரு ஆளுறதுன்னுதான் சண்டை" என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. அத்தை தேத்தண்ணியைத் தரையில் வைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் சண்டை முடிந்தது, கொடி ஏறியது, எழுத்து ஓடியது.

"அம்புட்டுத்தானா?" என்றார் அத்தை.

இன்னொரு சீடி இருக்கிறதே என்று அதைப் போட்டேன். பெயர் எழுத்து பெரிதாக வந்தது. பிறகு அதே ராஜா, வாலிபனாக, குதிரையில் வருகிறார்.

அத்தைதான் கேட்டார். "ஏன்யா, பொதைச்ச ஆளு எப்புடி எந்திரிச்சு வர்றாரு?"

"ராணி நெனச்சுப் பாக்குறா அத்தை. பழசையெல்லாம் நெனச்சுப் பாக்குறா."

"ஒரு சீடி முழுக்கவா நெனச்சுப் பாக்குறா?" என்றார் மாமா கதவோரத்திலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன். அவர் விடவில்லை. உள்ளே வந்து மிசினை நிறுத்தினார். படத்தில் ராஜா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு ஒரு வேலைக்காரனிடம் வாயைத் திறந்தபடி நின்றார். "மச்சான், கதை வேணாம். இப்ப இந்தாளு ஒரு வார்த்தை சொன்னாருல்ல. அது என்னான்னு சொல்லுங்க. அத மட்டும் சொன்னாப் போதும்."

லயமே என்னைப் பார்த்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. மகள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் பார்த்தேன். முக்காலிக்குக் கீழே, என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"குதிரைக்குத் தண்ணி வச்சியான்னு கேக்குறாரு மாமா" என்றாள். "அப்பா எனக்குக் காலையிலயே சொல்லிட்டாரு. இது மொத சீடி, நம்பர் அழிஞ்சு போனதால மாறிப்போச்சு."

குதிரைக்குத் தண்ணீர். இவ்வளவு சாதாரணமான ஒன்றை யாராவது கட்டிச் சொல்வார்களா? எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "ராஜாவுக்கு வேற வேலையில்லையா, குதிரைக்குத் தண்ணி காட்டுறதப் பத்திக் கேக்குறாரு?"

"நல்ல ராஜான்னா கேப்பாரு" என்றார் அத்தை. "ஒங்க தோட்டத்து துரை கேக்கலன்னா அதுக்கு நாங்க என்னா பண்றது? தள்ளி நில்லு, மறைக்குது."

மாமா மிசினை ஓடவிட்டார். மகள் எழுந்து என் முக்காலியில் பாதி இடம் பிடித்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பேச்சுக்கும் என் காதில் மெதுவாக ஒன்று சொல்வாள். நான் அதைச் சத்தமாகச் சொல்வேன். யாராவது பார்த்தால் அப்பாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். படம் முடிந்து எல்லோரும் போனபிறகு, படங்கை மடித்துக்கொண்டே, "அப்பா, அடுத்த ஞாயிறு என்னா படம்?" என்றாள். அன்று சாயங்காலம் கொப்பியை எடுத்து வந்தாள். "நானே வாசிக்கிறேன். நீங்க சும்மா கேளுங்க. ஒங்களுக்குத்தான் கண்ணு வலிக்குமே" என்றாள்.

அவள் ஹாஸ்டலுக்குப் போகும்வரை அந்த முக்காலியில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். நானாவிடம் நடந்ததைச் சொன்னபோது, "அப்ப இனி நான் கதை சொல்லத் தேவையில்ல" என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போலப் பேனாவை எடுத்தார். பிறகு சீடி காலம் முடிந்து அவர் கடையில் போன் கவர் தொங்கத் தொடங்கியபோது, மிஞ்சியதை ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்த ராஜா படத்தை மேலாக வைத்திருந்தார். அம்மாவிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். "ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். கதை நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றாள்.

ஆகவே தம்பி, உன் கூட்டாளிகளிடம் எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நீ இன்னும் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். இனிச் சொல்லாதே. தெரியாது. எப்போதும் தெரிந்ததில்லை.

மகளே, உனக்கு நான் இவ்வளவு காலமாக நன்றி சொல்லவில்லை. சொன்னால் நீ செய்ததை நான் கண்டுகொண்டேன் என்றாகிவிடும், நீ எனக்காக மூடி வைத்ததை நானே திறந்ததாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். அன்று என் மானத்தைக் காப்பாற்றினாய். அதைவிட, காப்பாற்றியதை ஒரு நாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. அதற்குத்தான் பெரிய நன்றி.

இன்னொன்றும் இருக்கிறது, மகளே. தம்பி ஆறாம் ஆண்டு படிக்கும்போது ஒரு மருந்துப் போத்தலைக் கொடுத்து அதில் இங்கிலீஷில் இருந்ததை வாசிக்கச் சொன்னேன். மூன்று எழுத்துக்கு மேல் அவனால் போக முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய் சில மாதமே ஆன பிள்ளைக்கு ராஜா பேசுகிற இங்கிலீஷ் எப்படி விளங்கியிருக்கும்? குதிரைக்குத் தண்ணீர் கேட்டது ராஜாவா, நீயா? அன்று முழுவதும் என் காதில் சொன்னதெல்லாம் படத்தில் இருந்ததா, நீயும் என்னைப் போலப் பார்த்துப் பார்த்துக் கட்டினாயா? இதற்குப் பதில் எழுதாதே. எனக்குத் தெரிய வேண்டாம்.

தீபாவளி முடிந்து நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிய அன்று, அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். புது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பெட்டியைத் திறந்து அந்த இரண்டு சீடிகளையும் எடுத்தேன். பெயர் எழுத்து வருகிற சீடியில் ஓரமாக ஒரு கீறல் இருக்கும், அதை எனக்குத் தெரியும். தம்பி விட்டுப்போன பேனாவை எடுத்து, அன்று நாம் பார்த்த வரிசையிலேயே, ராஜாவைத் தூக்கிக்கொண்டு போகிற சீடியில் 1 என்று எழுதினேன். கீறல் விழுந்ததில் 2 என்று எழுதினேன். மை காயும்வரை ஊதிவிட்டு, திரும்பப் பெட்டியில் மேலாக வைத்தேன்.