கீழ்ப்பிரிவு ஆட்களின் கைநாட்டு

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் யாரோ டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூக்கலிப்டஸ் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சையாக வெட்டினால் அந்த மரத்துக்கு ஒரு வாசம் உண்டு. தடிமன் பிடித்த மூக்கையும் திறந்துவிடும். அந்த வாசத்தின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கிளைகளைக் கூர் சீவி, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டி, நிலத்தை அளந்து வரிசையாக முளை அடித்துக்கொண்டு போனார்கள். புதிய வீட்டுத் திட்டமாம். மழைக்குச் சரியக்கூடும் என்று சொல்லப்பட்ட லயங்களிலிருந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, நாற்பது குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடிவைக்கப் போகிறார்களாம்.

பதுளை டவுன் முடிந்து மேடு தொடங்கும் இடத்தில் எங்கள் தெரு. சாயங்காலத்துக்குள் பாதித் தெரு என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தது. எனக்கு அப்படியொன்றும் செல்வாக்கில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார், கையெழுத்து அழகாக இருக்கும், வேறு வேலையும் கிடையாது. மனு எழுத இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரஷீத் நானா கையோடு வெள்ளைத்தாளும் கொண்டுவந்திருந்தார்.

"சேர், நாங்க அந்தச் சனத்துக்கு எதிரில்ல. ஆனா இப்பவே வாரத்துல ரெண்டு நாள்தான் பைப்புல தண்ணி. நாப்பது வீடு வந்தா எங்கட கதி என்ன?"

அவர் சொன்னது பொய்யில்லை. நானும் பீப்பாயில் தண்ணீர் பிடித்து வைத்துக் குளிக்கிற ஆள்தான். போன மழைக்கு மேட்டு மண் கரைந்து நானாவின் கடைக்குள் வந்து, அரிசி மூட்டைகளை நனைத்துவிட்டது. இனி மேலே புல்டோசரும் ஏறினால் என்னாகும் என்று அவர் பயப்படுவதை யார் குற்றம் சொல்ல முடியும்? "நாளைக்கு எழுதித் தருகிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அப்போதே எழுதியிருக்கலாம். கை வரவில்லை. மூக்கில் அந்த முளைகளின் வாசம் நின்றுகொண்டிருந்தது.

நான் எழுதிய முதல் மனுவும் இதே விஷயத்துக்காகத்தான்.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேற்பிரிவு லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சாதாரணதரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள் என்பதால் லயத்தில் எனக்குத் தனி மரியாதை. மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். தெரியாத சொல் வந்தால் நானாக ஒன்றைச் சொல்லிவிடுவேன். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்குப் பதினெட்டு வயதான வருஷத்து அடைமழையில் கீழ்ப்பிரிவு லயத்தின் சுவர் வெடித்துவிட்டது. கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அங்கிருந்த பன்னிரண்டு குடும்பங்களையும் பிள்ளைக்காம்பிராவில் தங்க வைத்தார்கள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம் அது. ஒரே கூடம். சேலைகளைக் குறுக்கே கட்டி, பன்னிரண்டு வீடாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தனி வீடு கட்ட எங்கள் லயத்துக்குப் பக்கத்து மேட்டில் முளை அடித்தார்கள். டர்பன்டைன் முளை, சிவப்புத் துணி.

எங்கள் லயம் அன்றிலிருந்து தூங்கவில்லை. காரணம் தண்ணீர். லயத்துக்கு ஒரே ஒரு பீலி. மலை ஊற்றிலிருந்து மூங்கில் வழியாக வந்து விழும் தண்ணீர். மாசி பங்குனியில் கயிறு போல மெலிந்துவிடும். அதற்காக அடிபிடி வராத வாரமில்லை. "அவுங்க பாவந்தான், நான் இல்லேங்கல," என்றார் அம்மா. "ஒத்தப் பீலி. இப்பவே இருவது குடும்பம் குடத்த வச்சிட்டு நிக்கிது. நாம யாருகிட்டப் போய்க் கேக்குறது?" அதே மூச்சில், பிள்ளைக்காம்பிராவுக்கு ஒரு சட்டி ரசம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

மனு எழுதச் சொல்லித் தோட்டத்துச் சங்கத் தலைவர் என்னிடம் வந்தார். எழுதினேன் பாருங்கள். 'கனம் பொருந்திய ஐயா அவர்களின் சமுகத்துக்கு' என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் இறக்கிவிட்டேன். 'மேற்படி வீடமைப்பு எமக்கு எவ்வகையிலும் ஏற்புடையதன்று' என்ற வரியை எழுதிவிட்டு நானே நாலு தடவை வாசித்து ரசித்தேன். பதினெட்டு வயதில் 'ஏற்புடையதன்று' என்று எழுத வந்துவிட்டால் ஒருவனுக்குத் தரையில் கால் பாவுமா?

கையெழுத்து வாங்க மறுநாள் பெரட்டுக்குக் கொண்டுபோனோம். விடியற்காலையில் எல்லாரும் கூடி, பேர் கொடுத்து, மலைக்குப் பிரிந்து போகும் இடம். அங்கே வரும் தாளுக்கு என்ன ஏதென்று கேட்காமல் கை வைப்பதுதான் தோட்டத்து வழக்கம். கம்பளிக்கு ஒரு தாள் வரும், மாவுக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று. கேட்டால் கங்காணியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அன்றும் கங்காணி, "எல்லாரும் இதுல ஒரு கைய வச்சிட்டு மலைக்குப் போங்க" என்று சத்தம் போட்டார். லயம் வெடித்து அந்தப் பிரிவை மூடியதிலிருந்து கீழ்ப்பிரிவு ஆட்களும் எங்கள் பெரட்டில்தான் நின்றார்கள். அவர்களும் வரிசையில் வந்தார்கள்.

மாரியாயி அக்கா கீழ்ப்பிரிவு. தலையில் மழைக்குப் போட்ட சாக்கு, இடுப்பில் கயிறு. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி எழுதுனதா இது? அப்ப நல்லதாத்தான் இருக்கும்."

மை தொட்டு, பெருவிரலை அழுத்தி வைத்தார். கங்காணி பக்கத்தில் பேரையும் பிரிவையும் எழுதினார்.

மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்குத் தெரியும். 'அக்கா, இது ஒங்க வீட்ட வேணாங்குற மனு' என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள், கங்காணி அவசரப்படுத்தினார், தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் சாக்கு. பக்கம் நிறையக் கைநாட்டு விழுந்தால் என் மனுவுக்குக் கனம் கூடும் என்று உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. அதுதான் உண்மை.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. வீடு கிடைக்க வேண்டியவர்களே வேண்டாம் என்று கைநாட்டு வைத்திருப்பதால் திட்டம் வேறு தோட்டத்துக்குப் போகிறதாம். எங்கள் லயத்தில் ஒருவரும் சந்தோஷப்பட்டுச் சத்தம் போடவில்லை. அம்மா என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

மாரியாயி அக்கா என்னைத் தேடி வந்தார். கோபமாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, வீடு வேணாமின்னு நாங்களே கைநாட்டு வச்சிருக்கமாமே. நீ படிச்ச புள்ள, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு. என்னைக்கி வச்சோம் அப்பிடி?"

"தெரியலக்கா," என்றேன்.

பிள்ளைக்காம்பிராவில் மூன்று மழைக்காலம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாகச் சேலையை அவிழ்த்துக்கொண்டு போனது. சிலர் கொழும்புக் கடைகளுக்கு, சிலர் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்ட. அவர்கள் கிளம்பிய ஒரு நாளிலும் நான் பஸ் வரை போனதில்லை.

இப்போது, மறுநாள் புதன்கிழமை ரஷீத் நானா வந்தபோது மனு தயாராக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். முதலில் மேட்டுக்கு வடிகால், அடுத்தது ஒரு தண்ணீர்த் தாங்கி, இரண்டையும் முடித்துவிட்டுத் தாமதமில்லாமல் வீடுகளைக் கட்டுங்கள் என்று எழுதியிருந்தேன். 'ஏற்புடையதன்று' எங்கும் கிடையாது.

"வேணாம்னு ஒரு இடத்துலயும் இல்லையே, சேர்?"

"இல்ல நானா. அதுக்கு வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. "தாங்கி வருமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் தெருவில் வீடு வீடாகப் போய், கையெழுத்து வாங்கும் முன் ஒவ்வொருவருக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். விளங்கித்தானே மறுக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு வீட்டுக்கு வாசிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை.

அன்று பெரட்டில் வாசித்துக் காட்டியிருந்தாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். போன வருஷம் பூனாகலைக்குப் போயிருந்தபோது மாரியாயி அக்காவைப் பற்றி விசாரித்தேன். கீழ்ப்பிரிவு என்று ஒன்று இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை.