பீடம் இருந்த மூலை

விடுதி மலருக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த மாலையில் மின்சாரம் போனது. யாரோ ஏற்றிய மெழுகுவர்த்தியின் மணம், இப்போது நானே தங்கிப் படிக்கும் இந்த இராஜபாளையத்து மகளிர் விடுதியில் முன்பு இருந்த கிறிஸ்தவச் சிற்றாலயத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அம்மா அன்று இங்கே சமையல் பார்த்தார். ஐந்து வயதில் நான் சிற்றாலய வாசலில் செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன். தேர்வு நாள்களில் எண்ணி முடியாது. இந்துப் பெண்களும் வந்து, பீடத்துணிக்கு அடியில் ஹால் டிக்கெட்டைச் செருகிவிட்டு, மில் சங்கு ஊதும்வரை முழந்தாளிட்டிருப்பார்கள்.

மலரிலோ, சிற்றாலயம் 'யாரும் வராததால் மூடப்பட்டது' என்றிருந்தது. அன்று அதைப் பூட்டிய வார்டன் மீது எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. விடுதி அலுவலகத்தில் பழைய கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். யாரும் வருவதில்லை என்று சாட்சிக் கையெழுத்திட்டிருந்தவர் அம்மா.

கைபேசியில் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏட்டி, அதப் போயி நோண்டுதியா? ஒழுகுற கொட்டகையில ஒன்னய எம்புட்டு நாளு படுக்க வைக்க? கையெழுத்துப் போட்டா அந்த ரூமத் தாரேன்னு வார்டனம்மா சொன்னாவ."

அந்த அறையில்தான் நான் வளர்ந்தேன். பீடம் இருந்த மூலையில் என் பாய். எத்தனை முறை வெள்ளையடித்தும் மெழுகு மணம் போகவில்லை.

மெய்ப்பில் 'யாரும் வராததால்' என்ற வரியைத் திருத்தாமல் தாண்டிச் சென்று, அடுத்த பக்கத்தின் ஒற்றுப்பிழையைத் திருத்தினேன்.