பெயர்ப்பலகை இல்லாத கடற்கரை

போன வருஷம் மாசி மாசம் நடந்தது இது. திண்டிவனத்தில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். பெண் டிரைவர்தான் வேண்டும் என்று தெரிந்தவர் மூலமாக ஒரு சவாரி வந்தது. சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் வரும் ஒரு அம்மாவையும் மகளையும் புதுச்சேரியில் ஏற்றிக்கொண்டு, சுற்றிக் காட்டி, சாயங்காலத்துக்குள் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும்.

கப்பல் தூரத்தில் கடலுக்குள்ளேயே நின்றது. படகில்தான் கரைக்கு அழைத்து வந்தார்கள். மகளுக்கு இருபது வயது இருக்கும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டே வந்து பின் சீட்டில் ஏறினாள்.

"இவளுக்கு ஆட்டிசம்மா. கூட்டமும் சத்தமும் தாங்க மாட்டா" என்றார் அந்த அம்மா. "கடல்ல கால் நனைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கப்பல்ல போனா கடல் பக்கத்துலயே இருக்கும்னு நெனச்சேன். அங்க ஒரே பாட்டும் ஆட்டமும். ரூமை விட்டே வரல."

கடற்கரைச் சாலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. எங்கே பார்த்தாலும் கூட்டம், ஹாரன் சத்தம். அந்தப் பெண் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள். உடனே வண்டியைத் திருப்பி, மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விட்டேன். எங்கள் விழுப்புரம் மாவட்டக் கடலோரம் அமைதியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் போன இடத்தில் ஒரு ரிசார்ட் கேட். காவலுக்கு இருந்தவர், "கெஸ்ட்டுக்கு மட்டும்தாம்மா" என்றார்.

"கடல் எல்லாருக்கும் பொதுதானே, அண்ணே?"

"கடல் பொதுதான். வழி எங்களுது."

அடுத்த இடத்தில் ஸ்பீக்கர், கடைகள், மோட்டார் படகு. அதையும் தாண்டினோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "பரவாயில்லம்மா, திரும்பிடலாம்" என்றார் அந்த அம்மா. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ இடத்தில் இப்படித் திரும்பிப் பழகிய முகம். எனக்கு மனசு வரவில்லை.

ஒரு பஸ் நிறுத்தத்தில் அன்னக்கூடையோடு மீன் விற்கும் அக்கா ஒருவர் நின்றிருந்தார். வண்டியை ஓரம் கட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல கடல் மட்டும்தான் இருக்கு, கடை கிடை ஒண்ணும் இல்ல. அது போதும்னா வா, வழி காட்டறேன்."

கூடையோடு வண்டியில் ஏற்றுவதா என்று நான் யோசித்தது உண்மை. அதற்குள் அந்த அம்மாவே நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார்.

சவுக்குத் தோப்புக்கு நடுவே மண் பாதை. முடிவில் நாலைந்து படகுகள், வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள், அவர்களுக்குப் பக்கத்தில் சத்தமாகப் பாடும் ஒரு செல்போன். காரைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து வந்தார். "எடம் பாக்க வந்தீங்களா? இங்க விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"எடம் வாங்க வரல. இந்தப் பொண்ணு கடல்ல கால் நனைக்கணுமாம். சத்தம் ஆவாது அதுக்கு. மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்து" என்றார் மீன்கார அக்கா.

பாட்டு நின்றது. அந்தப் பெண் மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினாள். பத்தடி வைத்திருப்பாள், கடலிலிருந்து ஒரு படகு எஞ்சின் அதிரக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

சற்றுமுன் விற்க இடமில்லை என்று எங்களை மறித்தவர் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டே தண்ணீருக்கு ஓடினார். படகில் இருந்தவர்களுக்கு என்ன புரிந்ததோ, எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு குரல்கூட எழுப்பாமல் படகைத் தள்ளிக்கொண்டு கரை சேர்த்தார்கள். வழக்கமாக "ஏலேலோ" போட்டுத் தள்ளுகிறவர்கள்.

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து நடந்தாள். தண்ணீர் ஓரம் வந்ததும் என் துப்பட்டா முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதல் அலை பாதத்தை நனைத்தபோது சிரித்தாள். அடுத்த அலைக்கும் சிரித்தாள். "யாரையும் இப்படிப் பிடிச்சுக்க மாட்டாம்மா" என்றார் அவள் அம்மா. "முட்டிக்கு மேல வாணாம், இங்க சட்டுனு ஆழம்" என்று சொல்லிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் கடலைப் பார்த்துக் காவல் நின்றார் அக்கா. வியாபாரத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "இந்த பீச்சுக்கு என்ன பேரு? இவள மாதிரி பிள்ளைங்க இருக்கறவங்களுக்குச் சொல்லணும்."

அக்கா சிரித்தார். "பேரெல்லாம் இல்லம்மா. எங்க கரை. எப்ப வேணா வாங்க, வரும்போது சொல்லிட்டு வாங்க, எஞ்சின நிறுத்தச் சொல்றேன்."

கப்பலுக்குப் போகும் படகை நேரத்துக்குப் பிடித்துவிட்டோம். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். பாவாடை ஓரம் இன்னும் ஈரமாகவே இருந்தது.

திண்டிவனம் என்று சொன்னால் "பஸ் மாறுற ஊருதானே" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இப்போதெல்லாம் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கடலோரத்தையே அமைதியாக்கிக் கொடுத்த மனிதர்கள் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் என்று சொல்லும்போது, என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது.